தாய் வந்து சேராத பேறுகாலம்: டென்மார்க் ஈழத்தமிழ் மகளிரின் கர்ப்ப கால அச்சமும் துணையும் (1983–2018)

திருச்சிராப்பள்ளி மலைக்கோயில் இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் பெயர் வழங்கலான கதையை எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் கூறுகிறது. வணிகர் குலப் பெண்ணொருத்திக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. மருந்தும் பிறவும் கட்டிக்கொண்டு புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரியின் வெள்ளத்தால் மறுகரையிலேயே நின்றுவிடுகிறாள். இறைவன் அத்தாயின் உருவில் வந்து பேறு பார்க்கிறான். வெள்ளம் வடிந்து உண்மைத்தாய் வந்து சேர்ந்த பின்னரே வந்திருந்தவர் யார் என்பது மகளுக்குத் தெரிகிறது. பேறுகாலத் துன்பத்தைத் தீர்க்கும் தெய்வக் கதைகள் தமிழகத்தில் வேறும் உள்ளன. திருக்கருகாவூரில் அம்மை கருவைக் காக்கிறாள். ஆயினும் சிராப்பள்ளிக் கதையில் அச்சத்தின் காரணம் தனித்தன்மை உடையது. வலியோ சாவோ அங்குப் பேசப்படவில்லை. தாய் வந்து சேராமையே பேசப்படுகிறது. கர்ப்ப கால அச்சத்தை நம் மரபு எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் காவிரி வெள்ளத்தின் இடத்தைக் குடிவரவுச் சட்டம் எடுத்துக்கொண்ட ஒரு வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. களம் டென்மார்க். நோக்குமிடமாக, தலைநகர் கோபன்ஹேகனுக்கு மேற்கே ரொஸ்கில்ட செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த டோஸ்ட்ருப் நகர் கொள்ளப்படுகிறது. அந்நாட்டுத் தமிழரிற் பெரும்பான்மையோர் வாழ்வது அங்கன்று. 1983க்குப் பின் வந்த ஏதிலியரை டேனிஷ் அகதிகள் பேரவை நாடெங்கும் பரப்பிக் குடியமர்த்தியபோது, அவர்களிற் பலர் யூட்லாந்தின் ஹேர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ, ஸ்ட்ரூர் போன்ற சிறு நகரங்களைச் சேர்ந்தனர். டோஸ்ட்ருப்பின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முதலில் நிறைந்தோர், 1973இல் தொழிலாளர் குடிவரவு நிறுத்தப்படுமுன் வந்துவிட்ட துருக்கியரும் பாகிஸ்தானியரும் அவர்தம் குடும்பத்தினருமே. தமிழர் தாமே ஒரு கூட்டமாக இல்லாத இடத்தில் தமிழ்ப் பெண்ணின் தனிமையை அளப்பது எளிது என்பதாலேயே இப்புறநகர் இங்கு அளவுகோலாகிறது.

சீதன வீடும் மருத்துவமாதும்

டென்மார்க்கிற்கு வந்த யாழ்ப்பாணப் பெண்ணின் அச்சத்தை, நவீன மருத்துவத்தை அறியாத கிராமத்தாளின் அச்சமென்று கொள்வது பிழை. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் பணியாற்றியபோது, மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். பேறு பார்த்தலை ஐரோப்பிய முறையில் தமிழிலேயே கற்பிக்க எழுந்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று. 1898இல் இணுவிலில் நிறுவப்பட்ட மக்லியொட் மருத்துவமனை மகளிர்க்கே உரியதாய் விளங்கியது. ‘இணுவில் ஆசுப்பத்திரி’யிற் பிறந்தோர் தலைமுறை தலைமுறையாக உளர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை தீவெங்கும் பரவி, அரசின் மருத்துவமாது கர்ப்பிணியின் வீட்டுப்படி ஏறிவந்து நலம் கேட்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. டென்மார்க் சென்றவள் இழந்தது மருத்துவமனையை அன்று.

இழந்தது எதனை என்பதற்கு விடை, யாழ்ப்பாணத்துச் சொத்துரிமையில் கிடக்கிறது. தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்துச் சட்டமாக்கினர். அவ்வழமையின்படி சீதனம் மகளுக்குரியது. வீடும் வளவும் சீதனமாக அமைவது பெருவழக்காதலால், மணமான மகள் தாய்வீட்டிலேயோ அதன் வேலிக்கு அப்பாலோ வாழ்வது இயல்பாயிற்று. தமிழகத்திற் பல சமூகங்களில் கணவன் வீட்டில் வாழும் பெண், ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துவரப்படுகிறாள். யாழ்ப்பாணத்தில் அண்மைக்காலம்வரை வளைகாப்பு பரவலாக இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. அழைத்துவரவேண்டிய தேவையே அங்குப் பெரிதும் எழவில்லை. தாய் எப்போதும் கூப்பிடு தொலைவில் இருந்தாள். வயிற்றிற் சிறு நோவு கண்டால் வேலிப்பொட்டால் நுழைந்துவரும் அன்னையும் சின்னம்மாவும் பெரியம்மாவுமே அவளுடைய முதல் வைத்தியர்கள். ‘இது எல்லாருக்கும் வாறதுதான்’ என்று அவர்கள் சொல்லும் ஒரு சொல் செய்த வேலையை எந்த மருந்தும் செய்ததில்லை. சோதனையின்றிச் சொல்லப்பட்ட சொல் சிலவேளை ஆபத்தை மறைத்ததும் உண்டு, அதனையும் மறுப்பதற்கில்லை.

1987: அடியிற் கிடந்த கோப்புகள்

டென்மார்க்கின் 1983ஆம் ஆண்டு அந்நியர் சட்டம் அக்கால ஐரோப்பாவில் மிகத் தாராளமான சட்டங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. ஏதிலியாக ஏற்கப்பட்டவர் தம் மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமையை அது வழங்கியது. முதலில் வந்தோர் பெரும்பாலும் இளம் ஆடவர். மனைவியர் ஊரிலேயே இருந்தனர். 1987 செப்டெம்பரில் நீதியமைச்சர் ஏரிக் நின்-ஹான்சன், தமிழ் ஏதிலியரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பிற் போடுமாறு அதிகாரிகளைப் பணித்தார். அவ்வாண்டு ஜூலையிற் கையொப்பமான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தால் போர் ஓய்ந்து இவர்கள் ஊர் திரும்பக்கூடும் என்பது சொல்லப்பட்ட நியாயம். சட்டம் திருத்தப்படவில்லை, சட்டம் தந்த உரிமை மட்டும் கோப்புக்கட்டின் அடியிற் கிடந்தது.

அடுத்த மாதத்திலேயே யாழ்ப்பாணம் போர்க்களமாயிற்று. அக்டோபர் 21 அன்று இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்து நோயாளரையும் மருத்துவரையும் தாதியரையும் சுட்டுக் கொன்றனர். அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோபன்ஹேகன் அலுவலகத்திற் கோப்பு அசையாதிருந்த அதே பருவத்தில், அக்கோப்பிற் பெயர் பொறிக்கப்பட்ட பெண் நம்பிச் செல்லக்கூடிய மருத்துவமனையும் அடைக்கலமற்றதாயிற்று. கணவன் ஊர்விட்டுப் போனபோது கருவுற்றிருந்தவள், பிள்ளையின் முகத்தைத் தகப்பனுக்கு நிழற்படத்தில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அரசியல் வரலாற்று நூல்கள் ‘தமிழர் வழக்கு’ என அழைக்கும் இந்நிகழ்வின் பின்விளைவுகளை யாவரும் அறிவர். நாடாளுமன்ற முறைகேள் அதிகாரி 1989இற் கண்டித்தார்; நீதியரசர் மொகென்ஸ் ஹோர்ன்ஸ்லெத்தின் விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியிற் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது; 1995 ஜூனில் உயர் அரசியல் நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து விதித்தது. அரசு ஒன்று கவிழ்ந்த கதையாகவே அது எழுதப்பட்டு வருகிறது. பேறுகால வரலாறாக அதனை எழுத முற்பட்டோர் அரியர்.

கோப்புகள் மீண்டும் அசைந்து மனைவியர் வந்து சேர்ந்தபின் எழுந்த சிக்கல் வேறு. மனைவிக்கும் பிள்ளைக்கும் இடமளித்த சட்டம், பெற்றோரைப் பொறுத்தவரை அறுபது வயதைக் கடந்தவர்க்கே வழிவிட்டது. இருபத்திரண்டு வயதில் முதற் கருவுற்ற ஒருத்தியின் தாய்க்கு வயது நாற்பத்தைந்தோ ஐம்பதோ இருக்கும். பேறு பார்க்கும் வலிமையும் பட்டறிவும் உள்ள வயதில் அவள் வர இயலாது. வரத்தகுந்த வயதை அவள் எட்டும்போது மகளின் பேறுகாலம் முடிந்திருக்கும். சட்டம் இயற்றியோர் பெற்றோரை முதுமையிற் பராமரிக்கப்பட வேண்டியவராகவே எண்ணினர்; மகளைப் பராமரிப்பவராக ஒரு தாய் வரக்கூடும் என்பது அவர்தம் குடும்பக் கணக்கில் இல்லை. 2002இல் அவ்வுரிமையும் நீக்கப்பட்டது.

தாய் வர இயலாததோடு, அவள் குரலும் எட்டாதாயிற்று. 1990 முதற் சில ஆண்டுகள் யாழ்ப்பாணம் தொலைபேசியும் மின்சாரமும் இன்றி இருந்தது. கடிதம் வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில் அலைந்து வந்தது. மூன்றாம் மாத வாந்திக்கு என்ன செய்வதென்று எழுதிய கேள்விக்கு ஆறாம் மாதத்தில் விடை வரும்.

மண் தாய்

டேனிஷ் மொழியில் மருத்துவமாதுக்கு வழங்கும் பெயர் யோர்மோர். பிரித்தால் மண், தாய் என்னும் இரு சொற்கள். அத்தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையை நான்காம் ஃபிரெடெரிக் மன்னர் 1714இற் பிறப்பித்தார். சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவரும், அங்கு 1714இல் தமிழ் நற்செய்தி நூல்கள் அச்சேறும்போது அரியணையில் இருந்தவரும் அவரே. தமிழியலார் தரங்கம்பாடி வழியாக மட்டுமே நினைவுகூரும் அம்மன்னர், இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் வரவிருந்த தமிழ்ப் பெண்களுக்குப் பேறு பார்க்கும் தொழிலுக்கும் அடித்தளம் இட்டவர் என்பது வரலாற்றின் சிறு விளையாட்டு.

ஏதிலியர் வந்தபோது அத்தொழில் உலகத் தரத்தில் இருந்தது. கர்ப்பிணி தன் குடும்ப மருத்துவரிடம் மூன்று முறை சோதனைக்குச் செல்வாள். இடையிடையே மருத்துவமாதுவின் நிலையத்துக்குச் செல்வாள். பேறு மருத்துவமனையில் நிகழும். குழந்தை பிறந்தபின் நகராட்சியின் சுகாதாரத் தாதி வீடு தேடி வருவாள். இவை அனைத்துக்கும் கட்டணமில்லை. இவர்களை ஒருவரோடொருவர் பிணைத்தது ‘வாண்ட்ரயூர்னல்’ என்னும் ஏடு. ‘அலையும் குறிப்பேடு’ என்று அதனைத் தமிழாக்கலாம். கர்ப்பிணியே அதனைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமிருந்து மருத்துவமாதுவிடமும், அங்கிருந்து மருத்துவமனைக்கும் அலைவாள். குருதியழுத்தமும் வயிற்றின் அளவும் அதில் ஏறின. படிக்கத் தெரியாத மொழியில் தன் உடலைப் பற்றி எழுதப்பட்ட தாள்களை ஒன்பது மாதம் பையிற் சுமந்தவள், அவற்றை நற்செய்தியாகவும் கொள்ளலாம், தீர்ப்பாகவும் கொள்ளலாம். விளக்குவோர் இல்லாதபோது இரண்டாவது எண்ணமே வலுக்கும்.

இலங்கையில் மருத்துவமாது பேற்றுக்கு முன்பே வீட்டுக்கு வந்தாள். டென்மார்க்கில் பேற்றுக்கு முன் இவள் செல்லவேண்டும்; வீட்டுக்கு வருதல் பேற்றின் பின்னரே. பணி குறைவில்லை, வரிசை மாறிற்று. ஆனால் அச்சம் தங்குவது பேற்றுக்கு முந்திய மாதங்களிலன்றோ? பனிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டும் நாட்டில், கணவன் தொழிற்சாலைக்கோ மொழி வகுப்புக்கோ சென்றபின் மாடி வீட்டிற் கதவடைத்திருந்த பெண்ணின் வாசற்படியை அந்த மாதங்களில் யாரும் ஏறவில்லை. டோஸ்ட்ருப் போன்ற புறநகரில் அண்டை வீட்டுத் துருக்கிப் பெண்ணுக்கு மாமியாரும் நாத்தனாரும் அதே குடியிருப்பில் இருக்க வாய்ப்பிருந்தது. தமிழ்ப் பெண்ணுக்குச் சுவருக்கு அப்பால் ஆள் இருந்தும் மொழி இல்லை.

அச்சத்தைப் பேற்றின் ஒரு கூறாக ஐரோப்பிய மருத்துவம் ஏற்றுக்கொண்டதே அண்மையிற்றான். ஆங்கிலேய மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இலும் 1942இலும் வெளியிட்ட நூல்களில், அச்சம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி அச்சத்தை வளர்க்கிறது என வாதிட்டார். பேற்றுக்கு முந்திய பயிற்சி வகுப்புகள் பரவியதில் அவர் கருத்துக்குப் பங்குண்டு. மூச்சை இழுத்து விடவும், உடலைத் தளர்த்தவும், என்ன நிகழப்போகிறது என்பதை முன்கூட்டியே அறியவும் அவ்வகுப்புகள் உதவின. அவை முழுதும் பேச்சால் நடப்பவை. குருதிச் சோதனைக்கு மொழி வேண்டியதில்லை. அச்சம் தீர்க்கும் சோதனைக்கு மொழியே கருவி. டேனிஷ் மருத்துவம் தமிழ்ப் பெண்ணுக்கு அளித்தவற்றுள் அவளுக்கு மிகக் குறைவாகக் கிட்டியது இதுவே.

யோசனை என்னும் சொல்

கியர்கேகார் ‘அச்சம்’ பற்றிய தம் மெய்யியல் நூலைக் கோபன்ஹேகனில் 1844இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றது. அவர் நூலின் தலைப்பிலுள்ள ‘ஆங்ஸ்ட்’ என்னும் டேனிஷ் சொல் இன்று மெய்யியலுக்கும் மனநல மருத்துவத்துக்கும் பொதுவானது. இச்சொல்லுக்கு யாழ்ப்பாணத் தமிழில் நேரான ஈடு என்ன? இலங்கை உளமருத்துவ நூல்கள் ‘பதகளிப்பு’ என்கின்றன; தமிழகத்தார் ‘பதற்றம்’ என்பர். இரண்டும் ஏட்டுச் சொற்கள். பேச்சில் கர்ப்பிணி சொல்வது ‘ஒரே யோசினையா இருக்கு’ என்பதே. தமிழகத்தில் யோசித்தல் சிந்தித்தல் மட்டுமே. யாழ்ப்பாணத்தில் அது கவலைப்படுதலும் ஆகும். ‘ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ’ என்று மூத்தவள் ஆற்றுவது சிந்திக்காதே என்னும் பொருளில் அன்று. இப்பேச்சை அறியாத மொழிபெயர்ப்பாளர் ‘இவர் நிறையச் சிந்திக்கிறார்’ என்று டேனிஷில் உரைத்தால், மருத்துவமாது புன்னகைத்து அடுத்த வினாவுக்குச் செல்வாள். ‘ஏங்கிப்போனன்’ என்பதும் அவ்வாறே: ஏனையோர்க்கு அது ஏக்கம், யாழ்ப்பாணத்தார்க்குத் திடுக்கிட்ட அதிர்ச்சி.

மகப்பேற்றுச் சோர்வை அளக்க 1987இல் வகுக்கப்பட்ட எடின்பரோ அளவுகோலின் பத்து வினாக்களுள் மூன்று பதற்றத்தைத் தொடுவன. டேனிஷ் சுகாதாரத் தாதியர் இதனைப் பயன்படுத்துகின்றனர். இதன் தமிழ் வடிவம் 2005இல் வேலூர்ப் பகுதி மகளிரிடையே சோதித்து ஏற்கப்பட்டது. வேலூர்த் தமிழுக்கு வாய்த்த அளவுகோலை யாழ்ப்பாணத் தமிழுக்கு அப்படியே பொருத்தலாமா என்பது மொழியியலார் உளவியலாரோடு அமர்ந்து தீர்க்கவேண்டிய வினா. இவ்வகைப் பணிக்கு முன்மாதிரி இல்லாமலில்லை; தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்தே போரின் உளத்தாக்கத்தை மக்கள் வழங்கும் சொற்கொண்டு ஆராய்ந்து 1998இல் நூலாக்கினார்.

சொல்லின்மையினும் கடினமானது சொல்லக்கூடாமை. பிள்ளைத்தாச்சி கவலைப்படலாகாது, கெட்டது கேட்கலாகாது என்பது நம் வழக்கு. அதன் உள்நோக்கம் நல்லது: அவளைச் சூழ்ந்தோர் மகிழ்ச்சியைத் தரக் கடமைப்பட்டவராகின்றனர். ஆனால் கவலை பிள்ளையைத் தாக்கும் என்று நம்பும் பெண், தன் கவலையையே குற்றமாக எண்ணி மறைக்கிறாள். போர்க்காலத்தில் இது இருமடங்காயிற்று. ஊரில் நேர்ந்த சாவைக் கர்ப்பிணியிடம் மறைப்பது வழக்கமாதலின், வீட்டார் திடீரெனக் குரல் தாழ்த்திப் பேசினால் யார் இறந்தார் என்று அவள் மனம் தானே பட்டியலிடத் தொடங்கும். 2009இன் முதல் ஐந்து மாதங்களில் ஐரோப்பாவெங்கும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த தமிழ்க் குடும்பங்களில், இம்மறைப்பைக் கடைப்பிடிப்பதும் இயலாதாயிற்று. காப்பாக எழுந்த வழக்கம் அகதி வாழ்வில் தனிமைச் சிறையாக மாறியதை மரபின் மேன்மை பேசுவோர் கருத்திற் கொள்ளவேண்டும்.

துணை வந்த வழிகள்

முதலில் வந்த துணை கணவன். யாழ்ப்பாணத்தில் அவன் பேற்றறைக்கு வெளியே நின்றவன். டென்மார்க்கில் அவனே மொழிபெயர்ப்பாளன், அவனே பேற்றறையிற் கைபிடித்தவன், வீடு திரும்பியதும் சரக்குக்கறி காய்ச்சியவனும் அவனே. தாயின் பணி ஆணிடம் சேர்ந்த இம்மாற்றம் தமிழ்க் குடும்ப வரலாற்றிற் சிறியதன்று. குறையும் உண்டு: கணவன் வழியே பேசவேண்டியவள் கணவனைப் பற்றிப் பேச இயலாது.

அடுத்தது, உறவு முறை புதிதாய்ச் சமைக்கப்பட்டமை. நாலைந்தாண்டு முன் வந்து பிள்ளை பெற்றவள், பின் வந்தவளுக்கு ‘அக்கா’ ஆனாள். சற்று மூத்தவள் ‘அன்ரி’ ஆனாள். சரக்குத்தூள் ஒரு வீட்டில் இடிக்கப்பட்டுப் பல ஊர்களுக்குப் போயிற்று. ஆலயங்கள் எழுந்தபின் இத்துணைக்கு ஓர் இடமும் கிடைத்தது. ஹேர்னிங்கிற் சித்திவிநாயகர் கோயிலும் பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயிலும் குறிப்பிடத்தக்கன. பிராண்டேயில் அம்மன் பெண்ணொருவர் மேல் அருளாகி வாக்குச் சொல்வதும், நோயும் மனக்குறையும் உடையோர் அங்கு ஆறுதல் தேடுவதும் மரியானே ஃபிபிகரின் சமய ஆய்வுகளால் அறியப்பட்டவை. குறையைச் சொல்வது குற்றமாகாத இடம் தெய்வத்தின் முன்னிலை ஒன்றே என்பதால், மேற்சொன்ன மௌனத்துக்கு அக்கோயில் ஒரு வாயிலாயிற்று. டோஸ்ட்ருப்பிலிருந்து பிராண்டே செல்லப் பெருந்தீவும் பாலமும் கடந்து அரைநாள் பயணம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அரசின் பங்கு ஒருதலையாக அமையவில்லை. 1981 முதல் 2003 வரையிலான டேனிஷ் பிறப்புகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, துருக்கி, பாகிஸ்தான், சோமாலியா ஆகிய நாடுகளிற் பிறந்த தாய்மாரிடையே குழந்தைச் சாவு மிகுதியெனக் காட்டியது. அதன்பின் மருத்துவமாதரின் உரையாடலைச் செம்மைப்படுத்தும் முயற்சிகள் தொடங்கின. லெபனானும் முன்னாள் யுகோஸ்லாவியாவும் அவ்வாய்வின் ஏனைய இரு குழுக்கள். எண்ணிக்கையிற் சிறியவரான தமிழர் அதில் தனிக்குழுவாக இடம்பெறவில்லை. ஆதலால் அவர்தம் நிலை நன்றென்றும் தீதென்றும் அதிலிருந்து முடிவு செய்ய வழியில்லை. மறுபுறம், 2018 ஜூலை முதல், மூன்றாண்டுக்கு மேல் நாட்டில் வாழ்ந்தோர் மருத்துவ மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் செலுத்தவேண்டும் என விதிக்கப்பட்டது. மூன்றாண்டிற் கடைத்தெரு மொழி வரும். யோசினையைச் சொல்லும் மொழி வருமா என்பது வேறு.

இன்று தாயை அழைக்க எஞ்சியுள்ள வழி வருகை விசா. டென்மார்க் 2001இல் ஷெங்கன் உடன்பாட்டை நடைமுறைப்படுத்தியபின், அவ்விசாவிற் கூடுதலாகத் தங்கக்கூடியது தொண்ணூறு நாள். இருபத்தெட்டு வாரம் நிறைந்து, தமிழகத்து வழக்கிற் பெண் தாய்வீடு சேரும் பருவத்தில் தாய் வந்தால், நாற்பதாம் வாரத்துக்குள் எண்பத்துநான்கு நாள் கழிந்துவிடும். பிள்ளை நாள் தவறாது பிறந்தாலும் எஞ்சுவது ஆறு நாள். துடக்குக் கழிய முப்பத்தொரு நாள் வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் வருகை நாளைக் குறிக்கும்போதே, தாய் அச்சத்துக்குத் துணையாக முன்னே வருவதா, பத்தியத்துக்குத் துணையாகப் பின்னே வருவதா என்பதை மகள் எழுதிக் கொடுத்துவிடுகிறாள்.